கிரியாட்டினின் சொல்லாததை ஸ்கேன் சொல்லும்

வணக்கம் நேயர்களே. "கிரியாட்டினின் 0.9 தானே டாக்டர், அப்ப கிட்னி நல்லா இருக்கில்ல?" சிறுநீரக மருத்துவராகிய நான் இந்தக் கேள்வியைக் கேட்காத நாளில்லை. (கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய, ரத்தத்திலுள்ள ஒரு கழிவு. வடிகட்டும் வேலை குறைந்தால் அது ஏறும்.) பெரும்பாலும் "ஆமாம்" என்பேன். ஒரு நோயில் மட்டும் அப்படிச் சொல்ல நா எழாது.

பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் அது. தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள் திராட்சைக் குலைபோலப் பெருகும். (ஐம்பது வயதுக்கு மேல் ஸ்கேனில் ஒரே ஒரு சாதாரண நீர்க்கட்டி தெரிந்தவர்கள் பதற வேண்டாம். பெரும்பாலும் அது நரைமுடி மாதிரி, வயதோடு வருவது.)

கட்டிகள் நல்ல திசுவை நெருக்கி அழிக்கும்போது, மிச்சமிருக்கும் வடிகட்டிகள் அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கும். அதனால் பல ஆண்டுகளுக்கு ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. கிரியாட்டினின் ஏறும்போது பாதி சிறுநீரகம் போயிருக்கும்.

அமெரிக்காவில் 2001-ல் இந்த நோயுள்ள 241 பேரைச் சேர்த்து, ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுத்து அளந்தார்கள். 2006-ல் முடிவு வெளிவந்தது. இரண்டு சிறுநீரகங்களின் மொத்தப் பருமன் ஆண்டுக்குச் சராசரியாக 5 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடிக்கொண்டே போயிருந்தது. 1500 மில்லிலிட்டரைத் தாண்டியவர்களுக்கு வடிகட்டும் திறனும் சரிந்தது.

இது வட்டிக்கு வட்டி கணக்குத்தான். 160 செ.மீ. உயரமுள்ள, முப்பது வயதான இருவரை எடுத்துக்கொள்வோம். பிறந்தபோது இருவரும் ஒரே அளவில் தொடங்கியதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஆண்டுக்கு 3 சதவீத வளர்ச்சி என்றால் பருமன் சுமார் 580 மில்லி. மற்றவருக்கு 6 சதவீதம் என்றால் சுமார் 1380. அன்றைக்கு இருவர் கிரியாட்டினினும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் டயாலிசிஸை முதலில் எட்டக்கூடியவர் யார் என்பது படத்தில் தெரிகிறது. வயது, உயரம், பருமன் மூன்றையும் வைத்து நோயாளிகளை வளர்ச்சி வேகத்தின்படி ஐந்து வகுப்பாகப் பிரிக்கும் முறையை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை மருத்துவர்கள் 2015-ல் வெளியிட்டார்கள்.

வகுப்பு தெரிந்து என்ன பயன்? டோல்வாப்டான் என்றொரு மாத்திரை இந்த வளர்ச்சியின் வேகத்தைக் குறைக்கும். ஆனால் அதைச் சாப்பிட்டால் ராத்திரி முழுக்கக் கழிப்பறைக்கு நடக்க வேண்டும். கல்லீரலையும் அடிக்கடி சோதிக்க வேண்டும். மெதுவாக வளர்பவருக்கு எதற்கு அந்த அவதி? வேகமாக வளர்பவருக்குத்தான் அது.

சர்க்கரை நோயாளிகள் இந்தக் கணக்கைத் தங்களுக்குப் போட்டுப் பார்க்க வேண்டாம். அவர்களுக்குச் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம்.

எம்.ஆர்.ஐ.க்கு வசதியில்லையா? சாதாரண அல்ட்ராசவுண்டே ஓரளவு சொல்லும். இளவயதில் சிறுநீரகத்தின் நீளம் 16.5 செ.மீ.யைத் தாண்டினால் நோய் வேகமெடுக்கும் அறிகுறி. ரிப்போர்ட்டில் "பெரிதாக உள்ளது" என்று மட்டும் இருந்தால் விடாதீர்கள். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் செ.மீ.யில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பழைய ரிப்போர்ட்டையும் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுவாருங்கள்.