“பண்ணலாம்”னு சொன்னாங்களே, ஏன் பண்ணலை?

அடுத்த கேள்வி. “எங்க ஆபீஸ் சாஃப்ட்வேர்ல ஒரு மாற்றம் கேட்டோம். டெவலப்பர் ‘பண்ணலாம்’னார். நாலு மாசம் கழிச்சு ஒண்ணு வந்துச்சு. அது நாங்க கேட்டதே இல்லை. தப்பு யார் மேல?”னு ஒருத்தர் கேட்டிருக்கார்.

தப்பு யார் மேலங்கிறது இருக்கட்டும், அந்த ‘பண்ணலாம்’ இருக்கே, முதல்ல அதைப் பார்ப்போம். டெவலப்பர் ‘பண்ணலாம்’னு சொன்னா, ‘இது முடியாத காரியம் இல்லை’ன்னு அர்த்தம், அவ்வளவுதான். கேட்டவர் காதுல அது ‘பண்ணிடறோம்’னு விழுது. ரெண்டு பேருமே பொய் சொல்லலை. நானும் டெவலப்பரா இருந்தப்ப இந்த வார்த்தையைச் சொல்லி நிறைய திட்டு வாங்கியிருக்கேன்.

இன்னொண்ணு, நீங்க கேட்டது என்ன, உங்க கஷ்டம் என்ன, ரெண்டும் ஒண்ணான்னு பாருங்க. ஒரு தடவை ஒரு அம்மா எங்ககிட்ட, “இந்த லிஸ்டை எக்ஸல்ல இறக்க ஒரு பட்டன் வேணும்”னு கேட்டாங்க. ரெண்டு வாரம் உட்கார்ந்து பண்ணிக் கொடுத்தோம். கொஞ்ச நாள்லயே, “கலர் வரலை, வரிசை மாறுது”ன்னு திரும்ப வந்தாங்க. ஒருநாள் பக்கத்துல போய் உட்கார்ந்தேன். தினமும் காலையில லிஸ்டை இறக்குறாங்க. நேத்து ஃபைலைப் பக்கத்துல திறந்து வெச்சு, ஸ்கிரீன்ல விரலை வெச்சு ஒவ்வொரு வரியா ஒப்பிடுறாங்க. மாறின வரிக்கு மஞ்சள் அடிக்கிறாங்க. வேலை முடிஞ்சதும் நேத்து ஃபைலை அழிச்சிடறாங்க. அவங்களுக்குத் தேவை எக்ஸலே இல்லை. ‘நேத்திலிருந்து என்ன மாறியிருக்கு’ன்னு காட்டுற ஒரு ஃபில்டர், அரை நாள் வேலை.

இதுல அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். தனக்குத் தெரிஞ்ச வழியில கேட்டாங்க. நாங்கதான் “இப்ப எப்படிப் பண்றீங்க, ஒரு தடவை காட்டுங்க”ன்னு கேட்டிருக்கணும். “இது ஏன் வேணும்?”னு கேட்டா வேலைக்கு ஆகாது. அந்த ‘ஏன்’ காதுல ‘தர மாட்டோம்’னுதான் விழும். உடனே அவங்க நியாயம் பேச ஆரம்பிச்சிடுவாங்க, விஷயம் வெளிய வராது.

சில நேரம் கேட்கிறது தெளிவாவே இருக்கும், அப்பவும் நடக்காது. எக்ஸல்ல ‘செப்ட்1’னு ஒரு ஜீனோட, அதாவது மரபணுவோட, பேரை ஆங்கிலத்துல அடிச்சா, அது செப்டம்பர் 1ன்னு தேதியா மாறிடும். அந்த வசதியை வெச்சவங்க பார்வையில அது உதவி. ஆராய்ச்சி பண்றவங்களுக்கு டேட்டாவே கெட்டுப்போச்சு. 2004லயே இதைப் பத்தி ஆய்வுக் கட்டுரை வந்திடுச்சு. கடைசியில 2020ல ஜீன்களுக்குப் பேர் வைக்கிற கமிட்டியே அந்தப் பேர்களை மாத்திட்டாங்க! செப்ட்1 இப்ப ‘செப்டின்1’. தானா மாத்தாதேன்னு அணைச்சு வைக்கிற வசதி எக்ஸல்ல வந்தது 2023லதான். சாஃப்ட்வேர் மாறுறதுக்கு முன்னாடி ஜீனோட பேர் மாறிடுச்சு, பாருங்க.

உங்க விஷயத்துக்கு வர்றேன். அடுத்த தடவை ‘இந்த இடத்துல ஒரு பட்டன் வைங்க’ன்னு எழுதாதீங்க. அந்த வேலையை நீங்க இப்ப எப்படிச் செய்றீங்களோ, அதை போன்ல ரெண்டு நிமிஷம் வீடியோ எடுத்து அனுப்புங்க. எங்க சலிச்சுக்கிறீங்களோ, அந்த இடத்தை வெட்டிடாதீங்க. டெவலப்பர் பார்க்க வேண்டியதே அதைத்தான். அவர் மறுபடி ‘பண்ணலாம்’னா, “எப்ப?”ன்னு கேளுங்க. தேதி சொல்லலைன்னா அது இன்னும் அவரோட வேலை லிஸ்ட்லயே ஏறலைன்னு வெச்சுக்கலாம். சரி, அடுத்தது யாரு?