குப்பமும் புலிவெந்துலாவும்

நண்பர்களே, ஜோலார்பேட்டை தாண்டி பெங்களூர் போகிற ரயிலில் உட்கார்ந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் குப்பம் ஸ்டேஷன் வரும். ஆந்திரம்தான், ஆனால் இறங்கி டீ கேட்டால் தமிழிலேயே பதில் வரும். 1989 முதல் அந்தத் தொகுதிக்கு ஒரே எம்.எல்.ஏ. சந்திரபாபு நாயுடு. கடப்பா பக்கம் புலிவெந்துலா, அது ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியின் கோட்டை. ஆந்திரத்தை முதல்வர்களாக ஆண்ட இந்த இருவரையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். நாயுடு கம்ப்யூட்டர், ரெட்டி கலப்பை என்று நம் ஆட்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

இரண்டு பேருக்கும் ஒரு வயதுகூட வித்தியாசம் இல்லை. இரண்டு பேரும் ராயலசீமைக்காரர்கள், இரண்டு பேரும் 1978-ல் முதல்முறை சட்டமன்றத்துக்குப் போனவர்கள், இரண்டு பேரும் முதல்வர் அஞ்சையாவின் காங்கிரஸ் அமைச்சரவையில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள். ஒருவர் திருப்பதியில் பொருளாதாரம் படித்தவர், இன்னொருவர் குல்பர்காவில் எம்.பி.பி.எஸ். முடித்து ஊரில் வைத்தியம் பார்த்தவர். பிரித்தது நடிகர் என்.டி.ஆரின் அலைதான். அவர் நாயுடுவின் மாமனார். மாமனார் தெலுங்கு தேசம் கட்சி தொடங்கியும் 1983-ல் நாயுடு காங்கிரஸ் வேட்பாளராகவே சந்திரகிரியில் நின்றார், தோற்றார், அப்புறம்தான் தெலுங்கு தேசத்துக்குப் போனார். பிறகு 1995-ல் அந்த மாமனாரையே இறக்கிவிட்டு முதல்வரானார். ரெட்டி கடைசிவரை காங்கிரஸ்தான், ஆனால் முதல்வர் நாற்காலிக்கு 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு தேர்தலில்கூடத் தோற்காத மனிதருக்கு அது சின்னக் காத்திருப்பு இல்லை.

சரி, கொள்கைக்கு வருவோம். அரிசியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கலப்பை, கம்ப்யூட்டர் என்ற கதை முதலில் கிழிகிற இடம் அதுதான். கிலோ 2 ரூபாய் அரிசி என்.டி.ஆர். கொண்டுவந்தது, தெலுங்கு தேசத்தின் உயிர்நாடி. அதன் விலையை 3 ரூபாய் 50 காசாக ஏற்றியது யார்? அதே கட்சியின் முதல்வர் நாயுடு. 2008-ல் மறுபடி 2 ரூபாய்க்கு இறக்கியது யார்? காங்கிரஸ் முதல்வர் ரெட்டி. என்.டி.ஆரின் சொத்தை மருமகன் கைகழுவ, எதிரி எடுத்து வைத்துக்கொண்டார்!

மின்சாரம் இன்னும் கசப்பான கதை. நமக்கு விவசாய மின்சாரம் 1990-லேயே இலவசமாகிப் பழகிப்போனது, அதனால் ஆந்திரத்தில் இது எவ்வளவு பெரிய சண்டை என்று நம்மால் சட்டென்று புரிந்துகொள்ள முடியாது. உலக வங்கிக் கடனோடு வந்த மின்துறைச் சீர்திருத்தம், அதையொட்டிக் கட்டண உயர்வு, அதை எதிர்த்து 2000 ஆகஸ்டில் ஹைதராபாத் பஷீர்பாக்கில் ஊர்வலம், போலீஸ் துப்பாக்கிச் சூடு, சாவுகள். அதே வருடம் மார்ச்சில்தான் அமெரிக்க அதிபர் கிளிண்டன் அந்த ஊருக்கு வந்து போயிருந்தார். இலவச மின்சாரம் கொடுத்தால் கம்பியில் துணிதான் காயப்போடலாம் என்று நாயுடு சொன்னதாக எதிரணி ஊர் ஊராகப் போய்ச் சொன்னது. தொடர்ந்து வறட்சி, விவசாயிகள் தற்கொலை. அந்த நேரத்தில், 2003 ஏப்ரல் வெயிலில் ரெட்டி செவெள்ளாவிலிருந்து இச்சாபுரம் வரை 1,400 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். அக்டோபரில் திருப்பதி அலிபிரியில் நாயுடுவின் கார் மீது கண்ணிவெடித் தாக்குதல், உயிர் பிழைத்தார். அனுதாபம் கைகொடுக்கும் என்று நம்பிச் சட்டமன்றத்தைக் கலைத்தார். 2004 தேர்தலில் 294 இடத்தில் தெலுங்கு தேசத்துக்குக் கிடைத்தது 47. ரெட்டி பதவியேற்றதுமே போட்ட கையெழுத்து விவசாயத்துக்கு இலவச மின்சாரம்.

இதைக் கேட்டு ரெட்டியை மட்டும் தூக்கிக் கொண்டாட நான் தயாராக இல்லை. பாசனத்துக்காக அவர் தொடங்கிய ஜலயக்ஞத்தில் ஒப்பந்தக்காரர்கள் செழித்த அளவுக்கு வயல் செழிக்கவில்லை, தணிக்கைத் துறையே அதைக் கேள்வி கேட்டது. 2007-ல் வந்த ஆரோக்யஸ்ரீ, ஏழைக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷன் செய்ய வழி செய்தது, மருத்துவர் போட்ட திட்டம் என்பது தெரிகிறது. ஆனால் அரசுப் பணம் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிற பழக்கமும் அதோடு சேர்ந்தே வந்தது. 2009-ல் நம் ஊரில் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது நாமும் இதையேதான் பேசினோம், ஞாபகம் இருக்கிறதா?

இன்னொரு பக்கம், ரெட்டியின் இத்தனை திட்டங்களுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. 1998-ல் வாஜ்பாய் திறந்துவைத்த ஹைடெக் சிட்டி, அதே வருடம் வந்த மைக்ரோசாஃப்ட், இதெல்லாம் நாயுடு தெருத்தெருவாக அலைந்து பிடித்துவந்தவை. அந்த ஹைதராபாத் வளர்ந்து கொடுத்த வரியும் ரெட்டியின் திட்டங்களுக்குக் கை கொடுத்தது. ரெட்டியும் அதை நிறுத்தவில்லை. ஹைதராபாத்தின் ஷம்ஷாபாத் விமான நிலையம் திறந்தது அவர் காலத்தில், 2008-ல். நாயுடு நட்டதற்கு ரெட்டி தண்ணீர் ஊற்றினார். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

2009 செப்டம்பர் 2-ம் தேதி மக்களை நேரில் சந்திக்கச் சித்தூர் மாவட்டத்துக்கு, அதாவது நாயுடுவின் சொந்த மாவட்டத்துக்குக் கிளம்பிய ரெட்டியின் ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் விழுந்தது, அவர் இறந்துபோனார். மூன்று வருடம் கழித்து, 2012 அக்டோபரில், அறுபது வயதைத் தாண்டிய நாயுடு இந்துப்பூரிலிருந்து பாதயாத்திரை கிளம்பினார். பவர்பாயிண்ட் போட்டு ஆட்சி நடத்தியவர், காலில் கட்டோடு நடந்தார், விவசாயக் கடன் தள்ளுபடி என்றார், 2014-ல் ஜெயித்தார்.

அப்புறம் முதியோர் பென்ஷன். நாயுடுவின் முதல் ஆட்சியில் மாதம் 75 ரூபாய். ரெட்டி அதை 200 ஆக்கினார். நாயுடு திரும்பி வந்து 1,000, போகும்போது 2,000. ரெட்டியின் மகன் ஜெகன் அதை 3,000-க்குக் கொண்டுபோனார். 2024-ல் நாயுடு மறுபடி வந்து 4,000 என்றார். அந்த ஜூலை 1-ம் தேதி காலை, பாக்கியும் சேர்த்து 7,000 ரூபாயை எடுத்துக்கொண்டு பெனுமாக்கா கிராமத்தில் ஒரு வீட்டுக்குப் போய்த் தானே கையில் கொடுத்தார்.