ஓடிக்கொண்டிருக்கும் கிளவுடை டெர்ராஃபார்முக்குள் கொண்டுவரும்போது பிளானின் கடைசி வரி

எல்லோருக்கும் வணக்கம். நேராகத் திரைக்கே போய்விடுகிறேன். கிளவுடில் என்ன இருக்க வேண்டும் என்று கோடாக எழுதிக் கொடுத்தால் அதை உருவாக்கித் தரும் கருவி டெர்ராஃபார்ம். இது அதன் ஒரு பிளான், அதாவது என்ன செய்யப் போகிறேன் என்று அது முன்கூட்டியே காட்டும் பட்டியல். கடைசி வரியை மட்டும் படிக்கிறேன், கேளுங்கள்: இம்போர்ட் 1, ஆட் 1, சேஞ்ச் 0, டெஸ்ட்ராய் 1.

நான் செய்ய நினைத்தது ஒரே ஒரு இம்போர்ட். யாரோ ஏடபிள்யூஎஸ் கிளவுடின் கன்சோலில், அதாவது அதன் வெப் பக்கத்தில், கையால் உருவாக்கி, இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செக்யூரிட்டி குரூப்பை (சர்வருக்கு எந்த டிராஃபிக் வரலாம், போகலாம் என்று சொல்லும் ரூல்களின் தொகுப்பு) டெர்ராஃபார்மின் கணக்கில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கப் போகிறேன் என்கிறது டெர்ராஃபார்ம்.

இது பழகிப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் அக்கவுண்ட். ஆனால் இதே போன்ற ஒரு பிளானை நான் பார்க்காமலே விட்டிருக்கிறேன், அதுவும் புரொடக்ஷனில். அதைச் சொல்லிவிட்டு இதற்குத் திரும்பி வருகிறேன்.

அப்போது இம்போர்ட் பிளாக் எல்லாம் கிடையாது. கமாண்ட் கொடுத்தால் ரிசோர்ஸ் நேரடியாக ஸ்டேட்டில், அதாவது தன்னிடம் எதெல்லாம் இருக்கிறது என்று டெர்ராஃபார்ம் குறித்து வைக்கும் ஃபைலில், போய் உட்காரும். ஒரு செக்யூரிட்டி குரூப்புக்குப் பெயரையும், அது இருக்கும் தனி நெட்வொர்க்கான விபிசியின் ஐடியையும் கையால் எழுதி இம்போர்ட் கொடுத்தேன். 'இம்போர்ட் சக்சஸ்ஃபுல்' என்று பச்சை எழுத்தில் வந்தது. மெர்ஜ் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். மறுநாள் கூட வேலை செய்பவர் ஒருவர் சம்பந்தமே இல்லாத ஒரு மாற்றத்தை அப்ளை செய்தபோது, பைப்லைன் என் செக்யூரிட்டி குரூப்பை அழிக்கத் தொடங்கியது. அதைச் சர்வர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்ததால் அழிக்க முடியவில்லை. டெர்ராஃபார்ம் விடாமல் முயன்றுகொண்டே இருந்தது. அந்த ரிசோர்ஸின் டெலீட் டைம்அவுட் 15 நிமிடம். அத்தனை நேரமும் ஸ்டேட் லாக் விழுந்து கிடந்தது, மற்றவர்களின் ரிலீஸ் எல்லாம் காத்துக் கிடந்தன. கடைசியில் டிபென்டென்சி வயலேஷன் என்ற எர்ரரோடு முடிந்தது. எதுவும் பறிபோகவில்லை. ஆனால் அந்த இடத்தில் ஒரு டேட்டாபேஸ் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கெல்லாம் காரணம் ஒரே ஒரு அட்ரிபியூட்: டிஸ்கிரிப்ஷன். நான் அதை எழுதவில்லை. எழுதாமல் விட்டால் ஏடபிள்யூஎஸ் புரொவைடர் (டெர்ராஃபார்ம் ஏடபிள்யூஎஸ்ஸோடு பேசப் பயன்படுத்தும் பிளக்இன்) தானாக 'மேனேஜ்ட் பை டெர்ராஃபார்ம்' என்று வைத்துக்கொள்ளும். கிளவுடில் இருந்ததோ வேறு வாசகம். செக்யூரிட்டி குரூப்பின் டிஸ்கிரிப்ஷனை உருவாக்கிய பிறகு மாற்ற முடியாது. அதனால் டெர்ராஃபார்முக்கு ஒரே வழிதான்: அழி, திரும்ப உருவாக்கு.

இப்படி யோசித்துப் பாருங்கள். வீடு கட்டி, ஆட்கள் குடியேறி, வருடங்கள் ஆகிவிட்டன. இப்போதுதான் நாம் உட்கார்ந்து வரைபடம் வரைகிறோம். வீட்டில் வாசல் மேற்கே இருக்கிறது, நாம் மறந்துபோய்க் கிழக்கே வரைந்துவிட்டோம். டெர்ராஃபார்ம் வரைபடத்தைத் திருத்தாது. சுவரை இடிக்கும். அதனிடம் நாம் கொடுத்திருக்கும் வேலையே அதுதான். ஆகவே இம்போர்ட் செய்யும் நாளில் நம் வேலை, இருப்பதை இருக்கிறபடியே எழுதுவது மட்டும். பெயர் அசிங்கமாக இருந்தாலும், டேக் தப்பாக இருந்தாலும், போர்ட் தேவையில்லாமல் திறந்திருந்தாலும் அப்படியே எழுதுங்கள். திருத்தம் எல்லாம் அதற்கடுத்த கமிட்டில். இரண்டையும் ஒரே கமிட்டில் கலந்தால், பிளானில் தெரியும் மாற்றம் நீங்கள் வேண்டுமென்றே செய்ததா, கவனிக்காமல் விட்டதா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

சரி, வேலைக்கு வருவோம். 2023 ஜூனில் வந்த டெர்ராஃபார்ம் 1.5 இந்த வேலையையே மாற்றிவிட்டது. அதில்தான் இம்போர்ட் பிளாக் வந்தது. உள்ளே இரண்டே வரிகள்: 'டு' என்பதில் கோடில் அந்த ரிசோர்ஸின் முகவரி, 'ஐடி' என்பதில் கிளவுடில் அதன் அடையாளம். பழைய கமாண்டில் ஸ்டேட் முதலில் மாறிவிடும், விளைவு பிறகுதான் தெரியும். பிளாக் எழுதினால் அப்ளை செய்வதற்கு முன்பே பிளானில் எல்லாம் தெரிந்துவிடும், கோட் ரிவியூவிலும் நாலு பேர் பார்ப்பார்கள். நான் இப்போதெல்லாம் பழைய கமாண்டைத் தொடுவதே இல்லை. டெர்ராஃபார்மிலிருந்து பிரிந்து வந்த ஓபன்டோஃபு பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே பிளாக் உண்டு.

அந்த ஐடி விஷயத்தில்தான் பலர் நேரத்தைத் தொலைக்கிறார்கள். எஸ்3 பக்கெட் (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்) என்றால் பக்கெட்டின் பெயர் போதும். செக்யூரிட்டி குரூப்புக்கு அதன் ஐடி. ரோலுடன் ஒரு பாலிசியை, அதாவது அனுமதிகளின் பட்டியலை, இணைத்திருப்பதை இம்போர்ட் செய்ய ரோலின் பெயர், ஒரு ஸ்லாஷ், பாலிசியின் முழு அடையாளமான ஏஆர்என். ஏடபிள்யூஎஸ்ஸின் டிஎன்எஸ் சேவையான ரூட் 53-இன் ரெக்கார்டுக்கு சோன் ஐடி, ரெக்கார்டின் பெயர், அதன் வகை, மூன்றையும் அண்டர்ஸ்கோரால் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. புரொவைடரின் டாக்குமென்ட்டில் ஒவ்வொரு ரிசோர்ஸ் பக்கத்தின் கடைசியிலும் இம்போர்ட் என்று ஒரு பகுதி இருக்கும், அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வகையில் நிறைய இருந்தால், 1.7 பதிப்பிலிருந்து இம்போர்ட் பிளாக்கிலேயே ஃபார் ஈச் போட்டு எல்லாவற்றையும் ஒரே பிளாக்கில் முடிக்கலாம்.

அதே 1.5 பதிப்பில் 'ஜெனரேட் கான்ஃபிக் அவுட்' என்ற ஆப்ஷனும் வந்தது. இம்போர்ட் பிளாக் மட்டும் எழுதி, இந்த ஆப்ஷனோடு பிளான் ஓட்டினால் ரிசோர்ஸின் கோடையும் அதுவே எழுதித் தரும். மிகவும் உபயோகமானது, ஆனால் அதை அப்படியே கமிட் செய்யாதீர்கள். 'நல்', அதாவது மதிப்பு எதுவும் இல்லை, என்று பத்து வரி வரும். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாத இரண்டு அட்ரிபியூட்டுகளையும் சேர்த்தே எழுதி வைத்து, பிளான் எர்ரர் ஆகும். விபிசி ஐடி, சப்நெட் ஐடி எல்லாம் நேரடி எழுத்துகளாகவே வரும். முதலில் எர்ரரை நீக்குங்கள், அப்புறம் 'நல்' வரிகளை எடுங்கள், பிளான் சுத்தமான பிறகு ஐடிகளுக்குப் பதிலாக ரெஃபரன்ஸ் போடுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு பிளான் ஓட்டிப் பாருங்கள்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் ஒரு விஷயம். பிளான் 'நோ சேஞ்சஸ்' என்று சொல்வது, நீங்கள் அதனிடம் ஒப்படைத்ததைப் பற்றி மட்டும்தான். ஒப்படைக்காததைப் பற்றி அது வாயே திறக்காது. எஸ்3 பக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் ஏடபிள்யூஎஸ் புரொவைடரின் 4-ஆம் பதிப்பில் வெர்ஷனிங், என்கிரிப்ஷன், லைஃப்சைக்கிள் போன்றவை தனித்தனி ரிசோர்ஸ்களாகப் பிரிக்கப்பட்டன. பக்கெட்டை மட்டும் இம்போர்ட் செய்துவிட்டு, பிளான் சுத்தமாக வந்துவிட்டது என்று கிளம்பினால், பக்கெட்டின் பெயரைத் தவிர முக்கியமான எதுவும் உள்ளே வந்திருக்காது. நாளைக்கு யாராவது கன்சோலில் வெர்ஷனிங்கை நிறுத்தினாலும் பிளான் சுத்தமாகவே இருக்கும். ரோலும் அப்படித்தான், அதோடு இணைத்த பாலிசிகள் தனி. அதனால் ஒரு ரிசோர்ஸை முடித்தேன் என்று சொல்வதற்கு முன் கன்சோலில் அதன் ஒவ்வொரு டேபையும் திறந்து, இது கோடில் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நேரம் எடுக்கும் வேலைதான். குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

டேட்டாபேஸ்களைக் கடைசியில் வையுங்கள். ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் பாஸ்வேர்டைக் கிளவுடிலிருந்து திரும்பப் படிக்க முடியாது. அழிக்கும்போது கடைசி ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டுமா என்பது டெர்ராஃபார்ம் தனக்காக வைத்துக்கொள்ளும் குறிப்பு, கிளவுடில் அப்படி ஒன்று இல்லை. இவை பிளானில் சின்ன மாற்றமாகத் தலைகாட்டலாம். ஏன் வருகிறது என்று உங்களால் விளக்க முடிந்தால் பரவாயில்லை, விளக்க முடியாத ஒரு வரி இருந்தாலும் அப்ளை வேண்டாம். இம்போர்ட் செய்யும் முன்பே, அழிக்கப் பார்க்கும் பிளானைத் தடுக்கும் பிரிவென்ட் டெஸ்ட்ராய் போட்டுவிடுங்கள். ஆனால் அந்தக் காவல் ரிசோர்ஸ் பிளாக்குக்கு உள்ளேதான் இருக்கிறது. பிளாக்கையே ஒருவர் நீக்கிவிட்டால் காவலும் சேர்ந்தே போய்விடும். அதனால் டேட்டாபேஸிலேயே டெலீஷன் புரொடெக்ஷனையும் ஆன் செய்யுங்கள்.

எல்லாவற்றையும் இம்போர்ட் செய்யத்தான் வேண்டுமா என்று கமெண்டில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஏற்கெனவே வேறொரு சொந்தக்காரர் இருப்பதைத் தொடாதீர்கள். ஆட்டோஸ்கேலிங் உருவாக்கிய மெஷின், குபர்நெட்டீஸ் உருவாக்கிய லோட் பேலன்சர், கிளவுட்ஃபார்மேஷன் ஸ்டாக்கில் இருப்பது, இவையெல்லாம் அந்தந்த இடத்திலேயே இருக்கட்டும். ஒரே ரிசோர்ஸை இரண்டு கருவிகள் ஆள்கிறபோது, ஒன்று வைத்ததை இன்னொன்று மாற்றிக்கொண்டே இருக்கும். டெர்ராஃபார்மர், அஸூருக்கு ஏஇசட்டிஎஃப் எக்ஸ்போர்ட் மாதிரியான கருவிகள் ஒரே ஓட்டத்தில் மொத்தமாக அள்ளிக் கொடுக்கும். நான் அவற்றை என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்கத்தான் வைத்துக்கொள்கிறேன். அந்தக் குவியலை ரிவியூ செய்ய யாராலும் முடியாது, படிக்காத கோட் மீது எனக்கு நம்பிக்கையும் வராது.

தப்பாக ஒன்றை இம்போர்ட் செய்துவிட்டால்? பிளாக்கை மட்டும் அழித்துவிடாதீர்கள், அதற்கு டெர்ராஃபார்ம் எடுத்துக்கொள்ளும் பொருள் 'நிஜத்தையும் அழி' என்பது. 1.7-இல் வந்த ரிமூவ்ட் பிளாக்கில் டெஸ்ட்ராய் ஃபால்ஸ் என்று எழுதினால், ஸ்டேட்டிலிருந்து மட்டும் விலகும், கிளவுடில் இருப்பது அப்படியே இருக்கும். இன்னொன்று, ஸ்டேட் ஃபைலில் ரகசியங்கள் வெறும் எழுத்தாகவே கிடக்கலாம். அது இருக்கும் இடத்துக்கு என்கிரிப்ஷனும், யார் படிக்கலாம் என்ற கட்டுப்பாடும் முதல் நாளே வேண்டும்.

உள்ளே வந்த பிறகும் கன்சோலில் கைவைப்பவர்கள் இருப்பார்கள். நடுராத்திரியில் சர்வர் விழுந்தபோது ஒருவர் கன்சோலில் போய்ச் சரிசெய்தால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் அது கோடுக்கு வர வேண்டும். தினமும் ஒருமுறை பிளானை 'டீடெய்ல்ட் எக்ஸிட்கோட்' ஆப்ஷனோடு ஓட விடுங்கள். 0 என்றால் மாற்றம் இல்லை, 1 என்றால் எர்ரர், 2 என்றால் ஏதோ மாறியிருக்கிறது. 2 வந்தால் குழுவுக்கு ஒரு மெசேஜ் போகட்டும். யார், எப்போது மாற்றினார்கள் என்பது ஏடபிள்யூஎஸ்ஸில் நடப்பதைப் பதிவு செய்யும் கிளவுட்ட்ரெயிலின் ஈவென்ட் ஹிஸ்டரியில் 90 நாளுக்கு இருக்கும்.

சரி, நம் செக்யூரிட்டி குரூப்புக்குத் திரும்புவோம். கன்சோலில் அதன் டிஸ்கிரிப்ஷனைப் பாருங்கள்: 'டெம்ப்ரவரி ஃபார் டெஸ்டிங்'. எழுத்துப்பிழையோடு இருக்கிறது, தற்காலிகமும் இல்லை. எனக்கும் கை திருத்தப் பார்க்கிறது. ஆனால் அதை அப்படியே, அந்தப் பிழையோடு, கோடில் ஒட்டுகிறேன். பிளான் ஓட்டுகிறேன்... வந்துவிட்டது. இம்போர்ட் 1, ஆட் 0, சேஞ்ச் 0, டெஸ்ட்ராய் 0. இப்போது அப்ளை. முடிந்தது. இனி இம்போர்ட் பிளாக்கை நீக்கினாலும் ஒன்றும் ஆகாது.

இந்தக் குரூப்பில் 7 இன்கிரஸ் ரூல்கள், அதாவது உள்ளே வரும் டிராஃபிக்குக்கான ரூல்கள், இருக்கின்றன, ஒன்றுகூட இன்னும் டெர்ராஃபார்முக்குள் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் எஸ்ஜிஆர் என்று தொடங்கும் ஒரு ஐடி உண்டு. முதலாவதை இப்போது காப்பி செய்கிறேன், பார்த்துக்கொண்டே இருங்கள்.