பேட்டரிக்கு வாரண்டி உண்டா?

நேயர்களுக்கு வணக்கம்.

"பேட்டரிக்கெல்லாம் வாரண்டி கிடையாதுங்க." இந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு, மறுபேச்சு பேசாமல் சர்வீஸ் சென்டர் படியிறங்கி வந்தவர்கள் உங்கள் வீட்டிலும் யாராவது இருப்பார்கள். நான் 31 வருஷம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். ஓய்வு பெற்ற பிறகு, பெரம்பூரில் எங்கள் தெருவில் மிக்ஸி, ஃபிரிட்ஜ், லேப்டாப் என்று எதில் தகராறு வந்தாலும் வாரண்டி அட்டையோடு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பொடி எழுத்தைக் கடைசி வரி வரைக்கும் படிப்பேன். அப்படிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேப்டாப் பேட்டரி பழுதானால் வாரண்டி உண்டு. பேட்டரி தேய்ந்தால் கிடையாது. இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில்தான் எல்லாச் சண்டையும் நடக்கிறது.

மொட்டை மாடியில் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறீர்கள். வருஷக்கணக்கில் அடியில் சேறு படிந்து, இப்போது 400 லிட்டர்தான் பிடிக்கிறது. அது தேய்மானம். அதே தொட்டி வாங்கிய எட்டாம் மாதமே அடியில் விரிசல் விட்டு ஒழுகினால், அது பழுது. சேறு படிந்ததற்குத் தொட்டிக்காரரைக் கேட்க முடியாது. விரிசலுக்குக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். லேப்டாப்பில் இருக்கிற லித்தியம் அயான் பேட்டரியும் இப்படித்தான். ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே போகும், கொள்ளளவு குறையும். அதை எந்தக் கம்பெனியாலும் தடுக்க முடியாது. அதனால்தான் அட்டையில், கொள்ளளவு குறைவது இயல்பு, அது வாரண்டியில் சேராது என்று எழுதியிருப்பார்கள். ஆனால் அதே அட்டையில் நாலு வரி மேலே போய்ப் பாருங்கள். பொருளிலோ தயாரிப்பிலோ குறை இருந்தால் மாற்றித் தருவோம் என்றும் எழுதியிருக்கும். கவுன்டரில் இருப்பவர் முதல் வரியைத்தான் சொல்வார். இரண்டாவது வரியை நாம்தான் சொல்ல வேண்டும்.

காலக்கெடுவையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷ வாரண்டி என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தாலும், பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம்தான். கூடுதல் பணம் கட்டி வாரண்டியை நீட்டிக்கொண்டவர்களுக்கும் அநேகமாக இதே கதைதான், பேட்டரி அதில் வராது. பணம் கட்டும்போதே "பேட்டரிக்கு எத்தனை மாசம்?" என்று தனியாகக் கேளுங்கள்.

இனி எங்கள் எதிர் வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பி.காம் கடைசி வருஷம் படிக்கிற பெண். சாயங்காலத்தில் இரண்டு கடைகளுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். அம்மா சங்கிலியை அடகு வைத்து, ரிச்சி ஸ்ட்ரீட்டில் 38,000 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்த லேப்டாப். பதினோரு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒருநாள் 38 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று அணைந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. அவள் தனியாகச் சர்வீஸ் சென்டருக்குப் போயிருக்கிறாள். "பேட்டரி கன்ஸ்யூமபிள் ஐட்டம்மா, கவர் ஆகாது. புதுசு போட்டா 4,200 ஆகும்." கன்ஸ்யூமபிள் என்றால் பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகிற பொருள். கண் கலங்க என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், இது நான் செஞ்ச தப்பா?"

அவள் தப்பு ஒன்றும் இல்லை. பழைய மூன்று செல் டார்ச் லைட் ஞாபகம் இருக்கிறதா? மூன்றில் ஒரு செல் செத்துப்போனாலும் வெளிச்சம் வராது. லேப்டாப் பேட்டரிக்குள்ளும் மூன்று நான்கு செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்று மட்டும் நோஞ்சானாக இருந்தால், வேலை கூடும்போது அதன் வோல்டேஜ் சரிந்துவிடும். உடனே பாதுகாப்புச் சுற்று மொத்தத்தையும் அணைத்துவிடும். திரையில் பாவம் 38 என்றுதான் தெரியும்.

இதை வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? ஆதாரம் வேண்டும். பேப்பர் பேனா பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் லேப்டாப் என்றால் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, ஆங்கில எழுத்தில் 'பவர்', அதை ஒட்டியே 'சி, எஃப், ஜி', ஓர் இடைவெளி, கேள்விக்குறி இருக்கிற விசையில் உள்ள சாய்கோடு, பிறகு 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஒரே வார்த்தையாக அடித்து என்டர் தட்டுங்கள். திரும்பச் சொல்கிறேன்: பவர், ஒட்டியே சி எஃப் ஜி, இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட். காசு எதுவும் இல்லை, கம்ப்யூட்டரிலேயே இருக்கிற வசதி இது. ஓர் அறிக்கை ஃபைலாகச் சேமிக்கப்படும், அது எங்கே இருக்கிறது என்று அந்தத் திரையிலேயே காட்டும், அதைத் திறந்து பாருங்கள். அதில் டிசைன் கெப்பாசிட்டி என்றால் பிறக்கும்போது இருந்த கொள்ளளவு. ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்றால் இன்றைய கொள்ளளவு. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு முதல் எண் 42,000, இரண்டாவது 38,000. அதாவது பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறது. தேய்ந்த பேட்டரி இல்லை அது. ஆனாலும் அணைகிறது. அப்படியென்றால் தொட்டியில் சேறு இல்லை, விரிசல்தான்.

மறுநாள் நானும் கூடப் போனேன். வாரண்டி அந்த மாதம் 6-ஆம் தேதியோடு முடிகிறது, நாங்கள் போனது 2-ஆம் தேதி. அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "டெக்னீஷியன் லீவு மேடம், அடுத்த வாரம் எடுத்துட்டு வாங்க." அடுத்த வாரம் போயிருந்தால் கதை முடிந்திருக்கும்! "டெக்னீஷியன் எப்ப வேணா பாக்கட்டும் தம்பி, ஜாப் ஷீட்டை இன்னைக்குத் தேதியில போட்டுக் குடுங்க" என்றேன். ஜாப் ஷீட் என்பது, பொருளைக் கொடுத்த தேதியையும் நம் புகாரையும் எழுதித் தருகிற தாள். போட்டுக் கொடுத்தார். புகார் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? 'பேக்கப் குறைவு.'

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பேக்கப் குறைவு, அதாவது சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்றால், அட்டை மொழியில் அது தேய்மானம். அந்த இரண்டு வார்த்தையில் கையெழுத்துப் போட்டால் நம் புகாரை நாமே தேய்மானக் கணக்கில் எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். அதை அடித்துவிட்டு, '38 சதவீதம் காட்டும்போது திடீரென அணைகிறது, பேட்டரி அறிக்கை இணைத்துள்ளோம்' என்று எழுதச் சொன்னோம். எழுதினார். பன்னிரண்டாம் நாள் புது பேட்டரி வந்தது, ஒரு ரூபாய் வாங்கவில்லை. இவ்வளவுக்கும் குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜாப் ஷீட், அதில் தேதி, அதில் நம் வார்த்தையில் புகார். இதை நான் எங்கே போனாலும் சொல்கிறேன். ஜாப் ஷீட் வாங்காமல் வெளியே வராதீர்கள். "கவர் ஆகாது" என்று சொன்னாலும், அதையும் அந்த ஷீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

பில்லையும் பத்திரப்படுத்துங்கள். சில கடைகளில் தருகிற வழவழப்பான பில் இருக்கிறதே, அது பீரோவுக்குள் இருந்தாலும் ஒரு வருஷத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், ஃபோனில் படமும் எடுங்கள். கம்பெனி வலைத்தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டால், சில சமயம் பெட்டி கம்பெனியைவிட்டுக் கிளம்பிய தேதியிலிருந்து வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் வாங்கியது மூன்று மாதம் கழித்து. பில்லை அனுப்பினால் திருத்திக் கொடுப்பார்கள். பழுதாகும்வரை காத்திருக்காமல், வாங்கிய வாரத்திலேயே இதைப் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் செய்தும் மறுத்தால்? 1915 என்ற எண் தேசிய நுகர்வோர் உதவி எண். கையில் பில், ஜாப் ஷீட் இரண்டையும் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு ஒரு பெரிய நன்மை: கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது எதை? ஜாப் ஷீட்டைத்தான்.

இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. நம் ஊர் வெயிலில் பேட்டரியை எப்படிக் காப்பாற்றுவது என்று நிறைய எழுதிக்கொண்டு வந்தேன், ஒன்றிரண்டுதான் சொல்ல முடியும். மே மாதத்தில் மூடிய காருக்குள் லேப்டாப்பை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நாள் முழுக்க பிளக்கிலேயே இருக்கிற லேப்டாப் என்றால், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துகிற செட்டிங் பலவற்றில் இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

வாரண்டி முடிந்தாலும் ஒரு வழி உண்டு. தயாரிப்பிலேயே ஆபத்து என்று தெரிந்தால் கம்பெனியே திரும்பப் பெற்றுக்கொள்ளும். 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம், சோனி செல்கள் தீப்பிடிக்கக்கூடும் என்று 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்று, இலவசமாக மாற்றிக் கொடுத்தது. உங்கள் மாடலுக்கு அப்படி அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று கம்பெனி வலைத்தளத்தில் பாருங்கள்.

கடைசியாக, மிக முக்கியமானது. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, மூடி சரியாக மூடாமல் நின்றாலோ, உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம். அழுத்தி மூடாதீர்கள், குத்தாதீர்கள், அதற்கு மேல் சார்ஜ் போடாதீர்கள். அணைத்துவிட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் எரியக்கூடிய பொருள்களுக்குத் தள்ளி வைத்து, அன்றைக்கே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். கழற்றிய பேட்டரியைத் தயவுசெய்து குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும், தூய்மைப் பணியாளரின் கை அங்கே இருக்கும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.