கிராம வேலைக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பரீட்சை முடிவுகள் வந்துவிட்டால் போதும், பெற்றோர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான். "பிள்ளை கிராமத்துல வேலை செய்யணும்னு சொல்லுது. அதுக்குன்னு படிப்பு இருக்கா சார்? படிச்சா சோறு போடுமா?" ஊர் மக்களோடு சேர்ந்து ஊரை முன்னேற்றுகிற வேலையைத்தான் சொல்கிறார்கள். இரண்டுக்கும் ஆமாம் என்பேன். இரண்டாவதைக் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன்.

படிப்புக்காக நம் ஊர்ப் பிள்ளைகள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திண்டுக்கல் போகிற வழியில், சின்னாளபட்டிக்குப் பக்கத்திலேயே காந்திகிராமம் இருக்கிறது. 1947ல் அதைத் தொடங்கிய டாக்டர் சௌந்தரம், டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். மருத்துவம் படித்துவிட்டுக் கிராம வேலைக்கு வந்தவர். 1956ல் அங்கே கிராமிய உயர்கல்வி தொடங்கியது. 1976ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மதுரையிலேயே அழகர்கோவில் சாலையில் சமூக அறிவியல் கல்லூரி இருக்கிறது. தானம் அறக்கட்டளை என்ற தொண்டு நிறுவனத்தின் அகாடமி வளர்ச்சி மேலாண்மைக்கென்றே பாடம் நடத்துகிறது. எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுகலைப் படிப்பில் சேர பெரும்பாலும் ஏதாவது ஒரு பட்டம் போதும். பி.காம். படித்தவர்கள் தயங்கவே வேண்டாம். மகளிர் குழுவின் கணக்குப் புத்தகத்தைச் சரியாக வாசிக்கத் தெரிந்தவரைத்தான் எல்லா இடத்திலும் தேடுகிறார்கள்.

கல்லூரியில் விசாரிக்கும்போது கட்டணம், ஹாஸ்டல், பிளேஸ்மெண்ட் எல்லாம் கேட்பீர்கள். கூடவே இதையும் கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் களப்பணி? கிராமத்தில் இரவு தங்க வேண்டுமா? பிள்ளை எழுதிக் கொடுக்கும் அறிக்கையை யாராவது உட்கார்ந்து படிக்கிறார்களா, இல்லை கையெழுத்து மட்டும்தானா? கல்லூரியின் பெயரைவிட இந்தப் பதில்களைத்தான் நான் நம்புவேன்.

ஏன் என்று சொல்கிறேன். மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் போய், சாவடி முன்னால் கோலமாவால் ஊரின் படத்தைப் போடச் சொல்கிறார்கள். முதலில் முன்னால் வருவது ஒரு பெரியவராகத்தான் இருக்கும். கோயில், கண்மாய், மடை, பள்ளிக்கூடம் எல்லாம் மளமளவென்று வந்துவிடும். தலித் மக்கள் குடியிருக்கும் காலனிக்கு ஓரமாக ஒரு வட்டம், அவ்வளவுதான். அப்புறம் அதே படத்தைக் காலனிப் பெண்களிடம் தனியாகப் போடச் சொல்லுங்கள். தண்ணீர் வராத குழாய், ரேஷன் கடைக்கு நடக்கிற தூரம், இருட்டினால் தனியாகப் போகப் பயப்படுகிற பாதை, மழையில் சேறாகிவிடும் சுடுகாட்டுத் தடம் என்று இன்னொரு ஊர் வரும்.

கண்மாயைத் தூர்வார வேண்டும் என்று ஊரே சொல்லும். சரி, செய்வோம். ஆனால் மடைக்குப் பக்கத்து வயல்காரருக்குத் தண்ணீர் எப்படியும் பாயும். கடைமடைக்காரருக்கு வாய்க்காலையும் சீர்செய்தால்தான் பலன். நிலமே இல்லாதவர் அந்த வேலையில் கூலி கிடைக்குமா, மீன் குத்தகையில் பங்கு உண்டா என்றுதான் பார்ப்பார். "ஊர் மக்கள் விரும்புகிறார்கள்" என்று ஒரு மாணவர் மொத்தமாக எழுதி வந்தால், எந்த மக்கள் என்று கேட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். திட்டுவார்கள், பரவாயில்லை.

இன்னொன்று, சட்டம். ஊராட்சிக்கும், ஊர் வாக்காளர்கள் எல்லாரும் கூடுகிற கிராம சபைக்கும் இடம் தந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் தமிழ்நாட்டின் 1994 ஊராட்சிகள் சட்டமும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற பகுதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2024 நவம்பரில் அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று தெரிந்ததும், மேலூர்ப் பகுதி ஊராட்சிகள் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. போராட்டம் நடந்தது, சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டுமே இதைச் சாதித்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாசகத்தைச் சரியாக எழுத, நிறைவேறியதைப் பதிவேட்டில் ஏற்ற, நகல் வாங்கி வைக்கத் தெரிந்த ஓர் ஆள் ஊருக்குள் இருப்பது பெரிய பலம்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். தொண்டு நிறுவனங்கள், அரசின் மகளிர் திட்டம், அரசுத் திட்ட வேலைகளை ஊர் மக்களோடு சரிபார்க்கிற சமூகத் தணிக்கை என்று இடங்கள் இருக்கின்றன. நிறைய இடங்களில் ஒப்பந்த வேலைதான். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். ஆரம்பச் சம்பளம் ஐ.டி.க்குப் போன அத்தை மகனோடு ஒப்பிடும்படி இருக்காது. நிரந்தரம் வேண்டுமென்றால் விவசாயத்துக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கி நபார்டின் கிரேடு ஏ அதிகாரி தேர்வு உண்டு, அதில் ஊரக வளர்ச்சி ஒரு பாடமாகவே வருகிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 எழுதி ஊரக வளர்ச்சி உதவி இயக்குநராகவும் போகலாம். பெண் பிள்ளைகள் ஸ்கூட்டர் ஓட்டப் பழகிக்கொள்ளுங்கள். கடைசி பஸ்ஸை நம்பி இந்த வேலை பார்க்க முடியாது.

விண்ணப்பம் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். உங்கள் ஊரிலோ தாத்தா ஊரிலோ ஒன்றுக்குப் போய் முழுக்க உட்காருங்கள். வரவு செலவு வாசிக்கும்போது காது கொடுங்கள். யார் பேசுகிறார்கள், யார் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள் என்று பாருங்கள். சலிப்புத் தட்டாமல், இன்னும் நாலு கேள்வி கேட்கலாம்போல இருந்தால் கல்லூரிக்கு விண்ணப்பம் போடலாம்.

நன்றி, வணக்கம்.