கேக்காத ரொட்டிக்கு ரெண்டு யூரோ! ரோம்ல பாட்டி கடை ஞோக்கி

வணக்கம் மக்களே, சாப்பாட்ட பத்தி அப்புறம் பேசுவோம், முதல்ல இந்த பில்ல பாருங்க, ஃபோகஸ் ஆகுதா, ம்ம், கையால எழுதின பில்லு, மூணாவது வரி, ‘பானே’ ரெண்டு யூரோ. ரொட்டிங்க. நான் கேக்கவே இல்ல, உக்காந்த உடனே கூடையில வச்சிட்டு போயிட்டாங்க. நான் பில்ல வரி வரியா படிக்கிற ஆளுனு உங்களுக்குதான் தெரியுமே.

இத்தாலில பல ஊர்ல ‘கோப்பெர்த்தோ’னு சொல்லி டேபிள்ல உக்காந்ததுக்கே தலைக்கு இவ்ளோனு போடுவாங்க. ரோம் இருக்குற லாட்சியோல 2006லயே அதுக்கு தடை போட்டுட்டாங்க, ஆனா ரொட்டிக்கு காசுனு மெனுல போட்டிருந்தா வாங்கிக்கலாமாம், வேஷம் மாத்திட்டு அதே ஆளு வந்து நிக்கிறான். திரும்ப மெனுவ வாங்கி பாத்தேன், கடைசி பக்கத்துல கீழ பொடி எழுத்துல இருக்கு. ரெண்டு யூரோதானே விடுனு கமெண்ட்ல வராதீங்க, இது கொள்கை.

சரி கடைக்கு வரேன். ஏரியா டெஸ்டாச்சோ, பேரு சொல்லல, ரொட்டி மேட்டர்ல திட்டிட்டேன்ல. அப்பா கல்லால, பையன் பரிமாறுறான், அம்மா அடுப்புல, பாட்டி மூலை டேபிள்ல உக்காந்து எல்லாரையும் அதட்டிட்டு இருக்காங்க. நான் கார்பனாரா பாஸ்தா கேட்டேன், க்ரீம் ஊத்துறதெல்லாம் கார்பனாராவே இல்லனு எத்தன வீடியோல கத்தியிருக்கேன், இங்க முட்டை, பெக்கோரினோ சீஸ், பன்னி கன்னத்து கறி, மிளகு அவ்ளோதான். பையன் எழுதப் போறான், பாட்டி அங்கருந்தே ஒரு சத்தம், இன்னிக்கு வியாழக்கிழம, ஞோக்கிதான், அதான் உருளைக்கிழங்கு உருண்டை, சாப்புடணுமாம். ரோம்ல அது பழக்கம்ங்க, வியாழன் ஞோக்கி, வெள்ளி மீனு, சனி போட்டி, அதான் மாட்டு வயித்துக் கறி. வெள்ளிக்கிழம பாரம்பரியமா கத்தோலிக்கர்கள் கறி தொடாத நாள், அதனால முந்தின நாளே வயிறு கனமா உருளைக்கிழங்கு உருண்டை.

நான் கேட்டத குடுங்கனு வேற எங்கயாவது இருந்தா சண்ட போட்டிருப்பேன். பாட்டிகிட்ட முடியுமா? வந்துச்சு பாருங்க, தக்காளி சாஸ்ல, வாயில வச்சா பல்லுக்கு வேலையே இல்ல, ரப்பர் மாதிரி பாக்கெட் ஞோக்கி விக்கிறவங்கள எல்லாம் கூட்டிட்டு வந்து இங்க உக்கார வைக்கணும். தட்டுல மிச்சம் இருந்த சாஸ அந்த ரெண்டு யூரோ ரொட்டியாலயே வழிச்சேன், இங்க அதுக்கு ஸ்கார்பெத்தானு பேரு, பாட்டி பாத்து தலையாட்டினாங்க. கோவம் பாதி போச்சு. பாதி இருக்கு.

அட, தண்ணிய விட்டுட்டேன்! பாட்டில் தண்ணி ரெண்டரை யூரோ, வெளிய தெருவுக்கு தெரு ‘நசோனி’ குழாய்ல ராத்திரி பகலா சும்மா கொட்டுது, 1870கள்லருந்து இருக்கு, நல்ல ஜில்லுனு குடிக்கிற தண்ணி, அத விட்டுட்டு பாட்டில் வாங்க வச்சிட்டாங்க.

ஆங், போட்டினு சொன்னேன்ல, அது ஏன் இந்த ஏரியாலனா, இங்கதான் ஊரோட பெரிய மாடு வெட்டுற தொட்டி இருந்துச்சு, 1975ல மூடிட்டாங்க. நல்ல கறியெல்லாம் பணக்காரங்க வீட்டுக்கு, வாலு, குடலு, போட்டியெல்லாம் வேல செஞ்சவங்களுக்கு, கூலியிலயே ஒரு பங்கா அத குடுப்பாங்களாம். அத வச்சு சமைச்சே பேர் வாங்கின குடும்பக் கடைங்க இங்க உண்டு, 1887ல ஆரம்பிச்ச கெக்கினோவோட வால் கறி ஊருக்கே தெரியும்.

கடைசில கப்புச்சீனோ கேட்டேன், பையன் மூஞ்சி போன போக்க பாக்கணும், மதிய சாப்பாட்டுக்கு மேல பாலான்னு. எஸ்ப்ரெஸ்ஸோதான் குடுத்தான், அதுக்கு காசு போடல, நல்லா தேடி பாத்துட்டேன், பில்லுல இல்ல.

சனிக்கிழம போட்டிக்கு வரச் சொல்லியிருக்காங்க, ஆனா கேமராவ பையிலயே வச்சுக்கனு பாட்டி ஆர்டர். அதனால அந்த எபிசோடு வெறும் பேச்சுதான், சண்டைக்கு வராதீங்க. வரேன்.