பொட்டோசி மலையும் அதை ஆண்டவர்களும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பொலிவியாவின் தென்மேற்கில் உள்ள பொட்டோசி நகரம் கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அதற்கும் மேலே செந்நிறக் கூம்பாக எழுந்து நிற்கும் செரோ ரிக்கோ மலையின் உயரம் ஏறத்தாழ 4,800 மீட்டர். மரம் வளரத் தயங்கும், மூச்சு முட்டும் குளிர்நிலம் அது. 1545இல் அந்த மலையில் வெள்ளி கிடைத்தது. நூறு ஆண்டுகளுக்குள் அங்கே ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்தார்கள். அன்றைய உலகின் பெருநகரங்களில் ஒன்றாக அது ஆகிவிட்டது.

மலையில் வெள்ளி இருந்தது சரி, அதை யார் வெட்டினார்கள்? 1570களில் ஸ்பெயின் மன்னரின் பிரதிநிதியாக, அதாவது பெருவின் வைஸ்ராயாக இருந்த பிரான்சிஸ்கோ டி டோலேடோ, ஸ்பானியருக்கு முன் அங்கே ஆண்ட இன்கா அரசில் ஏற்கெனவே இருந்த 'மீட்டா' என்னும் முறைவேலையை எடுத்து, கட்டாய உழைப்பாக வளைத்தார். பெருவின் குஸ்கோ பக்கம் தொடங்கித் தெற்கே நீண்டு கிடந்த பதினாறு பகுதிகளின் கிராமங்கள், வேலை செய்யும் வயதுடைய ஏழு ஆண்களில் ஒருவரை அனுப்ப வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 13,500 பேர். மனைவி மக்களோடும், சுமை சுமக்கும் லாமா விலங்குகளோடும் வாரக்கணக்கில் நடந்து வந்தார்கள். கட்டைவிரலில் மெழுகுவத்தியைக் கட்டிக்கொண்டு, முதுகில் தாதுவைச் சுமந்து ஏணியில் ஏறினார்கள். என் கருத்தில், அந்த மலையில் ஓடிய கருவிகளிலேயே மிகக் கொடியது, எந்தக் கிராமம் எத்தனை பேரை அனுப்ப வேண்டும் என்று பதிந்துவைத்த ஆள்கணக்கேடுதான். பெயர் பதிந்தவன் இறந்தாலும் ஓடிப்போனாலும் கிராமத்தின் கணக்கு குறையாது; எஞ்சியவர்கள் ஈடுசெய்ய வேண்டும். ஊர்கள் வெறிச்சோடின. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மீட்டா ஒழிந்தது.

வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் வேண்டும். அது பெருவின் ஹுவான்காவெலிகாவிலிருந்து வந்தது. தாதுவை அரைக்கும் ஆலைகளுக்குத் தண்ணீர் வேண்டும். மழையோ சில மாதங்கள்தான். ஆகவே காரி காரி மலைத்தொடரில் அணை கட்டி ஏரிகளை அமைத்து, கால்வாய் வழியாக நகருக்குள் நீரைக் கொண்டுவந்தார்கள். வியக்கத்தக்க பொறியியல், அதையும் பழங்குடிகளின் கைகளே கட்டின. 1626இல் சான் இல்தெபோன்சோ அணை உடைந்தபோது ஆலைகளும் குடியிருப்புகளும் அடித்துச் செல்லப்பட்டன.

வெள்ளிக்குப் பிறகு 20ஆம் நூற்றாண்டில் வெள்ளீயம் வந்தது. இதே பொட்டோசி மாகாணத்தின் வடக்கில், லியாலியாகுவாவில் சிமோன் பாட்டினோ உலகப் பெருஞ்செல்வர்களில் ஒருவரானார். 1942இல் காட்டாவியில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது ராணுவம் சுட்டது. 1952 புரட்சி பெருஞ்சுரங்கங்களை அரசுடைமையாக்கி, கோமிபோல் என்ற அரசு நிறுவனத்திடம் கொடுத்தது. 1985இல் வெள்ளீய விலை சரிந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். பலர் கூட்டுறவுச் சங்கங்களில் சேர்ந்து பழைய மலையையே மறுபடி தோண்டினார்கள், இன்றும் தோண்டுகிறார்கள். நுரையீரலில் படியும் கல்தூசி பல சுரங்கத் தொழிலாளர்களை நடுவயதிலேயே கொண்டுபோகிறது. நூற்றாண்டுகளாகக் குடையப்பட்ட மலையின் உச்சி உள்வாங்கத் தொடங்கியது. 2014இல் யுனெஸ்கோ பொட்டோசியை ஆபத்திலுள்ள பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

2009 அரசியலமைப்பு இயற்கை வளங்களை பொலிவிய மக்களின் சொத்து என்கிறது. நிர்வகிப்பது மைய அரசு. மாகாணத்துக்கு ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரும் பேரவையும் உண்டு, கனிமங்களுக்குக் கிடைக்கும் உரிமைத்தொகையில் (ராயல்டி) பங்கும் உண்டு. அந்தப் பங்கு எவ்வளவு என்பதில்தான் சண்டை. மாகாணத்தின் தென்மேற்கில் பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் பரந்த உயுனி உப்புப் பாலைவனத்தின் அடியில் லித்தியம் கிடக்கிறது. ஒரு ஜெர்மானிய நிறுவனத்துடனான திட்டம் தங்களுக்குப் போதிய பலன் தரவில்லை என்று 2019இல் பொட்டோசி மக்கள் வீதிக்கு வந்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் அந்தத் திட்டத்துக்கான ஆணையை அரசு ரத்துசெய்தது. சீன, ரஷ்ய நிறுவனங்களுடன் பின்னர் உடன்பாடுகள் எழுதப்பட்டபோது, உப்புவெளியைச் சுற்றியுள்ள ஊர்களில் உழவர்களும் கினோவா தானியம் பயிரிடுவோரும் லாமா மேய்ப்போரும் கேட்ட கேள்வி, ஒப்பந்தத் தொகை எவ்வளவு என்பது மட்டுமல்ல; எங்கள் நிலத்தடி நீரில் எவ்வளவு எடுப்பீர்கள், எங்களைக் கேட்டீர்களா என்பதும்தான்.